ஆபத்தில்லாத வீடு

"அண்ணை, உங்களிட்டைக் குடை இருக்கோ?"

"ஓம், ரெண்டு இருக்கு. ஒண்டுக்குக் கம்பி வளைஞ்சுபோச்சு."

"மழைக்குப் பிடிக்கிற குடையை ஆர் கேட்டது? நான் இன்சூரன்ஸ் குடையைக் கேக்கிறன்."

நியூ ஜேர்சியில் இருக்கும் தம்பி அன்றூ ரெலிபோனில் இப்படிக் கேட்டு நாலு நாளாகிவிட்டது. செபஸ்ரியன் அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார். காலையில் பஸ்ஸில் நினைத்தார். ஆக்லாந்து நகர மையத்தில், பொறியியல் கொம்பனி ஒன்றின் நாலாம் மாடியில், வரைபட மேசைக்கு முன்னால் நின்றபடி நினைத்தார்.

அன்றூவின் தெருவில் ஒரு வீட்டுப் படியில் தபால்காரன் வழுக்கி விழுந்தானாம். கால் முறிந்ததாம். வழக்குப் போட்டானாம். இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்களாம். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் ஓரளவுக்குத்தான் தாங்கும். அதற்கு மேலே வந்து விழுகிற வழக்குகளுக்கு இன்னொன்றை விரித்துப் பிடிக்க வேண்டும். அதனால்தான் அதற்குக் குடை என்று பெயர் என்றான் அன்றூ. வீட்டில் நாய் இருக்கிறதா, ட்ரம்போலின் இருக்கிறதா, நீச்சல் தடாகம் இருக்கிறதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டுத்தான் தருவார்களாம்.

செபஸ்ரியன் அகராதியை எடுத்துப் பார்த்தார். அந்த இன்சூரன்ஸின் பெயரில் வந்த 'லயபிலிற்றி' என்பதற்குப் 'பொறுப்பு' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் இது குடைப் பொறுப்புக் காப்புறுதி. விளங்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்துக்குப் பயப்படுவதற்கு அது விளங்கவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

வேலையில் அவர் வரைவதெல்லாம் பெரும்பாலும் படிக்கட்டுகளும் கைபிடிகளும்தான். மவுண்ட் றொஸ்கிலில் உள்ள அவருடைய சொந்த வீட்டுக்கு முன்னால் மூன்று படிகள் இருந்தன. இரண்டு பக்கமும் கைபிடி. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் கோடு. அந்தப் படிகளில் இதுவரை யாரும் விழுந்ததில்லை. அதற்கு மஞ்சள் கோடு காரணமில்லை. மனைவி இறந்த பிறகு, ஆறு வருடமாக, அந்தப் படிகளில் விருந்தாளி என்று ஒருவரும் ஏறவில்லை என்பதுதான் காரணம்.

ஏறி இறங்குவது அவரும் மகள் மெலனியும் மட்டும். மெலனிக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆங்கிலத்தில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஒன்றும் கேட்காத பிள்ளை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால் "நத்திங், டாட்" என்பாள். நத்தார்ப் பண்டிகைக்கும் நத்திங்தான். அவர் ஆறு வருடமாக அந்த வீட்டில் நத்திங்கை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்க அவருக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான். டோறின். மன்னாரிலிருந்து வந்த பெண்மணி. எல்லர்ஸ்லியில் ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலை. தம்பிமாரையும் தங்கையையும் ஒவ்வொருவராகக் கரைசேர்த்துவிட்டுப் பார்த்தபோது தனக்கு நாற்பத்து மூன்று வயதாகிவிட்டதைக் கண்டவர். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசையில் முன் வாங்கில் உட்கார்ந்திருப்பார். பூசை முடிந்ததும் தேநீர் மேசையில் நிற்பார்.

செபஸ்ரியன் இரண்டு வருடமாக டோறினிடம் ஒரு வசனம் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். 'ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாங்கோவன்.' சவரம் செய்யும்போது சொல்லிப் பார்த்திருக்கிறார், சரியாக வரும். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் போனால் முதல் சொல்லோடு நின்றுவிடும்.

"ஞாயிற்றுக்கிழமை..." என்பார்.

"நாலு மணிக்கு அண்ணை. ஃபாதர் இன்னும் நேரம் மாத்தேல்லை" என்பார் டோறின்.

இதில் அவரைச் சாய்த்தது நேரமல்ல, அந்த 'அண்ணை'தான். ஊர்ச் சனம் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரித்தான் டோறினும் அவரைக் கூப்பிட்டார். ஆனால் தங்கச்சி முறையில் நிற்கிறவரிடம் ஒருவர் என்ன கேட்க முடியும்? இன்னொரு கோப்பை தேநீர் கேட்கலாம். இரண்டு வருடமாக அதைத்தான் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் அவருக்குக் கேட்பதற்கு உண்மையிலேயே ஒரு விஷயம் இருந்தது. தபால்காரன் விழுந்த கதை, குடை, நாய், ட்ரம்போலின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பக்கத்தில் மெலனி கடுதாசித் தட்டோடு நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, இஞ்ச அது..." என்று டோறின் தொடங்கியபோது, குசினிப் பக்கமிருந்து யாரோ அடுப்பில் பற்றீஸ் கருகுகிறது என்று கூப்பிட்டார்கள். டோறின் ஓடிப்போனார். திரும்பி வருவதற்குள் செபஸ்ரியன் மூன்றாவது தேநீரையும் குடித்து முடித்திருந்தார். நாலாவது கேட்டால் நன்றாயிராது என்று வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. மெலனி விடுமுறைக்குக் கோப்பு அடுக்குகிற வேலைக்கு டோறினின் அலுவலகத்துக்குத்தான் போனாள். வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் ஒரு தாளை மேசையில் வைத்தாள்.

"ஃப்ரொம் வேர்க், டாட்."

"டோறின் ஆன்ரி தந்துவிட்டவவோ?"

"ம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஒற்றைத் தாள். ஆங்கிலத்தில் அழகாக அச்சடிக்கப்பட்டிருந்தது. தலைப்பில் தடித்த எழுத்தில் குடைப் பொறுப்பு என்று இருந்தது. கீழே ஏழு கேள்விகள். வீட்டில் நாய் உண்டா? ட்ரம்போலின் உண்டா? நீச்சல் தடாகம்? ஆறடிக்கு மேற்பட்ட ஏணி? பதினெட்டு வயதுக்குக் குறைந்த யாராவது கார் ஓட்டுகிறார்களா? மாதத்தில் ஒரு தடவையாவது விருந்தினர் வருவதுண்டா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்த செபஸ்ரியன் ஏழாவதில் நின்றார்.

'வீட்டில் இன்னொரு பெரியவர் வசிக்கிறாரா? இல்லையெனில், தயவுசெய்து காரணத்தை எழுதவும்.'

படம் வரைகிறவர் ஒருவர் எந்த இடத்தையும் வெறுமையாக விடமாட்டார். செபஸ்ரியன் பேனையைத் திறந்தார், மூடினார். காப்புறுதிக்காரருக்கு இது ஏன் என்று யோசித்தார். ஏணியிலிருந்து விழுந்தால் ரெலிபோன் எடுக்க இன்னொரு ஆள் வேண்டும் என்பதற்காக இருக்கலாம். ஆழமாக யோசித்துத்தான் கேட்டிருக்கிறார்கள். தாளின் அடியில் இன்னொரு வரி இருந்தது. 'சந்தேகம் இருந்தால் எமது அலுவலரை வீட்டுக்கு அழைத்துக் கேட்கவும்.'

ஒரு கொம்பனி இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு அவர் ஏன் தயங்க வேண்டும்? டோறினுக்கு ரெலிபோன் எடுத்துக் குடைத் தாளில் ஏழாவது கேள்வி விளங்கவில்லை என்றார். எந்தத் தாள் என்று டோறின் கேட்டார். நாளுக்கு எத்தனை தாள் பார்க்கிறவர், நினைவிருக்காது என்று செபஸ்ரியன் தலைப்பை வாசித்துக் காட்டினார். பிறகு சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார் டோறின்.

சனிக்கிழமை டோறின் மூன்று படிகளிலும் ஏறி வந்தார். விழவில்லை. கதிரையில் உட்கார்ந்து தாளை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். முகம் கொஞ்சம் சிவந்தது.

"இதை ஆர்..." என்று தொடங்கி, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த மெலனியின் முதுகைப் பார்த்துவிட்டு, "ஆறுதலாத்தான் பாக்கவேணும் அண்ணை" என்று முடித்தார்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மஞ்சள் கோடு, கைபிடி, குளியலறையில் வழுக்காத பாய், மூலை மழுங்கிய மேசை, அடுப்புக்குப் பக்கத்தில் தீயணைப்பான். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத் தன் தொழில்முறை அபிப்பிராயத்தைச் சொன்னார்.

"இவ்வளவு ஆபத்தில்லாத வீட்டை நான் கண்டதில்லை. உங்களுக்கு ஒரு குடையும் தேவையில்லை அண்ணை."

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். செபஸ்ரியன் டோறினின் கைப்பையைப் பார்த்தார். தேவையில்லை என்றால் இனி வரவும் தேவையில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தப் படியில் ஒரு ஆள் ஏறியிருக்கிறது. அந்த ஆள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்புகிறது.

"நாய் ஒண்டு வாங்க இருக்கிறன்" என்றார்.

அப்படி ஒரு யோசனை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் மெலனி திரும்பிப் பார்த்தாள். டோறின் கைப்பையைத் திரும்ப மடியில் வைத்தார். நாய் என்றால் கட்டாயம் வந்து பார்க்கத்தான் வேண்டும் என்றார்.

வேலையிடத்தில் ஒருவர் ஆல்பனியில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நாய் வைக்க அனுமதியில்லை. இப்படியாக ரைகர் வந்து சேர்ந்தது. கன்றுக்குட்டி அளவு. ஆங்கிலம் மட்டும்தான் விளங்கும். 'இரு' என்றால் நின்றது, 'போ' என்றால் வந்தது. மெலனிக்கு நாய் ஆசையாயிருக்கும் என்று செபஸ்ரியன் நினைத்திருந்தார். மெலனி கதிரைக்கு மேல் ஏறி நின்று அதை வரவேற்றாள். அன்றிலிருந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். ஆனால் நாய் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னேரத்தில் கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்து, முடிந்த தூரத்தில் நின்று, அதை நடத்திக்கொண்டும் போனாள்.

டோறின் நாயைப் பார்க்க வந்தார். வாசலில் கழற்றி வைத்த சப்பாத்து இரண்டில் ஒன்றை ரைகர் தின்றுவிட்டது. வார் முழுவதும் உள்ளே போய்விட்டது. குதிகால் பகுதியை மட்டும் கொண்டுவந்து டோறினின் காலடியில் வைத்து வாலை ஆட்டியது.

செபஸ்ரியன் வெளிறிப்போனார். வாழ்க்கையில் முதல்தரம் அவருக்கு ஒரு பொறுப்பு ஏற்பட்டிருந்தது. அதுவும் காப்புறுதி இல்லாமல். வழக்குப் போடுவீங்களோ என்று கேட்டார். டோறின் சிரிக்கத் தொடங்கியவர், நிறுத்த முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று. மெலனி அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் டோறின் மெலனியின் விளையாட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். அதைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள் வர வேண்டியிருந்தது. வருகிறபோது மற்றக் கேள்விகளையும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மற்றக் கேள்விகள் என்றதும் செபஸ்ரியன் வேலையில் இறங்கினார்.

ட்ரம்போலினை அடுத்த தெருவில் ஒரு வீட்டின் கராஜ் விற்பனையில் கண்டுபிடித்தார். துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஒவ்வொரு துண்டையும் அளந்து, படம் கீறி, மழைக்காக கராஜுக்குள் வைத்து, மூன்று பின்னேரம் செலவழித்து ஒன்றாகப் பூட்டினார். ஒரு மில்லிமீற்றர் பிசகவில்லை. பூட்டி முடித்த பிறகுதான் அவர் அளக்காமல் விட்டது கராஜ் வாசலை மட்டும் என்பது தெரிந்தது. ட்ரம்போலின் வெளியே வராது. ஆகவே கார் வெளியே போனது. மெலனி மரியாதைக்காக ஒருதரம் ஏறி, இரண்டுதரம் துள்ளி, "தாங்க்ஸ், டாட்" என்று இறங்கிக்கொண்டாள்.

நீச்சல் தடாகத்துக்குப் பிளாஸ்ரிக் தொட்டி ஒன்று வாங்கினார். ரைகர் அதில் படுத்தது. ஏழடி ஏணி வாங்கினார். கடைசியாக, பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பழகுநர் லைசென்ஸ் எடுக்கலாம் என்ற இந்த நாட்டுச் சட்டம் பைத்தியக்காரத்தனம் என்று பத்து வருடமாகச் சொல்லிவந்தவர், தானே மெலனியைக் கூட்டிக்கொண்டுபோய் எடுத்துக் கொடுத்தார். மெலனி ஏன் என்று கேட்கவில்லை. தகப்பனை ஒரு மாதிரிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

சப்பாத்து திரும்பி வருகிற சனிக்கிழமை எல்லாம் ஆயத்தமாக இருந்தது. ஒன்றுதான் குறை. ட்ரம்போலினில் துள்ளுகிறவர் பிடித்துக்கொள்ள மேலே கூரை வளைமரத்தில் ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டினால் நல்லது என்று செபஸ்ரியனுக்குப் பட்டது. கயிறு கட்ட ஏணி வேண்டும். ஏணி வைக்க நிலம் வேண்டும். கராஜ் முழுவதும் ட்ரம்போலின். ஆகவே, இருபத்தைந்து வருடமாகப் படிக்கட்டு வரைகிற செபஸ்ரியன், ஏணியை ட்ரம்போலினுக்கு மேலேயே வைத்தார்.

ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். டோறின் பிடித்துக்கொண்டார். இதுவும் விண்ணப்பத்தில் அடக்கமோ என்று கேட்டார். எல்லாம் அடக்கம் என்றார் செபஸ்ரியன், மேலே ஏறியபடி.

வெளியே மெலனி ஓட்டிப் பழகக் காரை ஸ்டார்ட் பண்ணினாள். முன்னுக்குப் போக நினைத்தாள். கார் பின்னுக்குப் போனது. பக்கத்து வீட்டுத் தபால் பெட்டி விழுந்த சத்தத்தில், தொட்டிக்குள் படுத்திருந்த ரைகர் துள்ளி எழுந்து, நனைந்த உடம்போடு கராஜுக்குள் பாய்ந்து, நேரே ட்ரம்போலினில் ஏறியது. ஏணி ஒரு பக்கம் போனது. செபஸ்ரியன் இன்னொரு பக்கம், கூரை வளையைப் பிடித்துத் தொங்கினார்.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினார் டோறின்.

எல்லாம் நின்றுவிட்டது. ரைகர்கூட நின்றது.

ஊரில் ஒரு பெண் யாரையும் அண்ணை என்று கூப்பிடலாம், ஐயா என்று கூப்பிடலாம், மாஸ்டர் என்று கூப்பிடலாம். 'இஞ்சாருங்கோ' மட்டும் வேறு. அது பேர் சொல்லாமல் புருஷனைக் கூப்பிடுகிறதற்கென்றே வைத்திருக்கிற சொல். அதைக் கேட்ட அதிர்ச்சியில் செபஸ்ரியன் கையை விட்டார். ட்ரம்போலினில் விழுந்தார். அது நல்ல வேலைப்பாடு. அவரை மூன்றுதரம் மேலே அனுப்பியது. ஒவ்வொருதரமும் டோறினின் முகத்துக்கு நேரே வந்துபோனார். ஒவ்வொருதரமும் அந்த முகம் முன்னதைவிடச் சிவந்திருந்தது.

மெலனி கராஜ் வாசலில் வந்து நின்றாள்.

"டாட், வட் டஸ் 'இஞ்சாருங்கோ' மீன்?"

"எக்ஸ்கியூஸ் மீ" என்றார் செபஸ்ரியன், இரண்டாவதுதரம் இறங்கும்போது.

டோறின் சப்பாத்துப் பையை ஏணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார்.

பிறகு ரெலிபோன் வரவில்லை. அந்த மாதத் தமிழ்ப் பூசைக்கும் டோறின் வரவில்லை. தேநீர் மேசையில் வேறு யாரோ நின்றார்கள். செபஸ்ரியன் ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியைத் தானே புதிதாகச் செய்து நட்டார். முன்னதைவிட நேராக இருந்தது. அது ஒன்றுதான் நேராக இருந்தது. வீட்டுக்குள் நாய், கராஜுக்குள் ட்ரம்போலின், முற்றத்தில் அழுக்குத் தண்ணீர். வீடு முழுவதும் ஆபத்து. வந்து பார்க்கத்தான் ஆளில்லை.

தான் டோறினை அவமானப்படுத்திவிட்டதாகச் செபஸ்ரியன் முடிவுசெய்தார். தொங்கியிருக்கக்கூடாது. இனி அந்த மனுசியை அலைக்கழிக்காமல் காப்புறுதியை எடுத்து விஷயத்தை முடித்துவிடுவதுதான் மரியாதை. தாளை எடுத்தார். ஆறு கேள்விகளுக்கும் 'இல்லை'யை வெட்டி 'ஓம்' ஆக்கினார். விருந்தினருக்கும் ஓம், மூன்றுதரம் வந்தாரே.

ஏழாவது இன்னும் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பென்சிலை எடுத்து, பிறகு அழித்துவிடலாம் என்ற தைரியத்தில், தமிழில் எழுதினார்.

'இல்லை. காரணம்: கேட்கப் பயம்.'

மறுநாள் மத்தியான இடைவேளையில் பஸ் எடுத்து எல்லர்ஸ்லிக்குப் போனார். டோறின் அந்த நேரம் வெளியே போயிருந்தார். மனேச்சர், வெள்ளைக்காரர், மெதுவாகப் பேசுகிற மனிதர், தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இது தங்களுடைய தாள் இல்லை என்றார். தாங்கள் அப்படி ஒரு காப்புறுதி விற்பதில்லை என்றார். இந்த நாட்டில் உங்கள் படியில் யாராவது விழுந்து காலை முறித்தால் அரசாங்கத்தின் விபத்துத் திட்டம் பார்த்துக்கொள்ளும், அதற்காக உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. யாருடைய பொருளையாவது உடைத்தால் அதற்கு உங்களிடம் ஏற்கனவே இருக்கிற வீட்டுக் காப்புறுதியிலேயே இடமிருக்கிறது என்றும் பொறுமையாக விளக்கினார்.

பிறகு பென்சில் எழுத்தைக் காட்டி இது என்ன மொழி என்று கேட்டார்.

அப்போதுதான் செபஸ்ரியனுக்குத் தான் அழிக்க மறந்தது நினைவுக்கு வந்தது. கையை நீட்டினார். மனேச்சர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தங்கள் கொம்பனியின் பேரில் யார் இந்தத் தாளைக் கொடுத்தார்கள் என்று விசாரிக்க வேண்டும், எழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இங்கே அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றார்.

செபஸ்ரியன் அன்றைக்கு வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்கு வந்து படியில் இருந்தார். மழை வந்தது. உள்ளே போய் இருந்தார்.

ஐந்தரைக்குக் கதவு தட்டிய சத்தம் கேட்டது. டோறின் நின்றார். குடையில்லை, தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்தது. அந்தத் தாளை மட்டும் நனையாமல் கைப்பைக்குள்ளிருந்து எடுத்தார். மெலனி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள், காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தபடி. ரைகர் மேசைக்குக் கீழே.

"மனேச்சர் இதை வாசிச்சுச் சொல்லச் சொன்னவர்" என்றார் டோறின்.

"என்ன சொன்னனீங்கள்?"

"எழுத்து விளங்கேல்லை எண்டு சொன்னன்."

செபஸ்ரியன் தரையைப் பார்த்தார். தன்னால் அவருடைய வேலைக்கு ஏதாவது வந்துவிட்டதா என்று கேட்டார். ஒன்றுமில்லை, இந்தத் தாளுக்கு நான்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன், மனேச்சரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார் என்றார் டோறின்.

"நீங்களோ இந்தத் தாளை அடிச்சனீங்கள்?"

"நான் முதல்நாள் இஞ்ச வந்துதான் இதைக் கண்டனான். கண்ட உடனே தெரியும், எங்கட இல்லையெண்டு. எங்கட கொம்பனி ஒரு தாளிலையும் 'தயவுசெய்து' எண்டு எழுதாது, அண்..."

'அண்ணை' இந்த முறை பாதியில் நின்றது. மற்றப் பாதி வரவில்லை.

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் வந்தனீங்கள்?"

"சந்தேகம் இருந்தால் அலுவலரைக் கூப்பிடுங்கோ எண்டு எழுதியிருந்தது. நீங்கள் கூப்பிட்டனீங்கள்" என்றார் டோறின். பிறகு மெல்ல, "பூசைக்கு வராமல் நிண்டது வெக்கத்தில. வேற ஒண்டுமில்லை" என்றார்.

செபஸ்ரியனுக்கு இதில் பாதிதான் காதில் ஏறியது. இவர் அடிக்கவில்லை. கொம்பனி அடிக்கவில்லை. 'ஃப்ரொம் வேர்க், டாட்.' அவர் மெதுவாகத் திரும்பினார். மெலனி பென்சிலைக் கீழே வைத்தாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. ஆறு வருடமாக நத்திங் என்று சொன்ன பிள்ளை.

"உனக்கு நாயெண்டால் பயம். ட்ரம்போலினில ஒருநாள்தான் ஏறினனி. காரை எடுத்தால் தபால் பெட்டியை விழுத்துறாய். இதுகளுக்காகவோ பிள்ளை கள்ளத் தாள் அடிச்சனி? வேணுமெண்டால் என்னட்டை வாய் திறந்து கேட்டிருக்கலாமே."

மெலனி டோறினைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். காலைக் கதிரையிலிருந்து கீழே இறக்கி, நாய்க்குப் பக்கத்தில், நிலத்தில் வைத்தாள். சொல்லிப் பழகி வைத்திருந்தவள்போல, ஒவ்வொரு சொல்லாக, தமிழில் சொன்னாள்.

"எனக்கு வேணுமெண்டது ஏழாவது மட்டும்தான், அப்பா. அதைத் தனியக் கேட்டால் உங்களுக்கு விளங்கிப்போடும் எண்டு பயந்துதான் மற்ற ஆறையும் சேர்த்தனான்."